நாலேகால் மணி வானமும் ஏழு சட்டப் பெட்டியும்

எங்கள் வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன்விறாந்தையில், ஒரு தேன்பெட்டி இருக்கிறது. உள்ளே இப்போது உருளைக்கிழங்கு. தேன்வதை (தேனடை) கட்டுவதற்கான மரச்சட்டங்கள் பத்துக் கொள்ளும் பெரிய பெட்டி, மூலைக்கு மூலை பல்வெட்டி இணைத்தது, மூடிக்குத் தகடு அடித்தது. பார்த்தாலே ஒரு மரியாதை வரும். படத்தைப் பார்த்து மயங்கி, சீட்டுக் காசு முழுவதையும் கொட்டி வாங்கினேன். கீழே சிங்களக் கிராமத்தில் ஒரு பெரியவர் மண்முட்டியில் பிடித்து வைத்திருந்த தேனீக் கூட்டத்தைக் கெஞ்சி வாங்கி அதற்குள் மாற்றினேன். பதினெட்டாம் நாள் காலையில் திறந்தால் ஒரு ஈ இல்லை. ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு வதை கட்டிப் பார்த்த அடையாளம் மட்டும் இருந்தது. முட்டி தந்த பெரியவர் வந்து பெட்டியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "தம்பி, வீடு பெருசா இருந்தா ஈ பெருசாகுமா?"

பெட்டி செய்தவர்மேல் குற்றமில்லை. அது நல்ல பெட்டிதான், ஆனால் வேறொரு தேனீக்கான பெட்டி. இந்த ஒரு விஷயம் அப்போதே தெரிந்திருந்தால் எனக்குக் காசும் மிச்சம், ஒரு கூட்டமும் மிச்சம். மலையகத்தில் பெட்டி வாங்குவதிலும் ராணி வளர்ப்பதிலும் நாம் படுகிற தோல்விகளில் பாதிக்கு மேல் இதே வேரிலிருந்து வருகிறவை என்பது என் எண்ணம். வேறு தேனீக்கு எழுதிய பாடத்தை நம் தேனீக்கு நடத்துகிறோம்.

உலகம் முழுக்கப் படங்களிலும் விளக்கங்களிலும் வருவது பெரும்பாலும் மேலைத் தேனீ, ஏபிஸ் மெலிஃபெரா. இந்தியாவில் இத்தாலியத் தேனீ என்பார்கள். இலங்கையில் நாம் பெட்டியில் வளர்ப்பது ஏபிஸ் செரானா. தமிழ்நாட்டுக்காரர்கள் அடுக்குத் தேனீ என்கிறார்கள், சிங்களத்தில் மீ மெஸ்ஸா. மரப்பொந்து, புற்று, பாறை இடுக்கு, சில வேளை கோயில் சுவர் என இருட்டான இடத்தில் பல வதைகளை அடுக்கடுக்காகக் கட்டும். இருட்டில் அடுக்காகக் கட்டுகிற அந்தப் பழக்கம் இருப்பதால்தான் அதைப் பெட்டிக்குள் வைக்க முடிகிறது. கிளையில் ஒற்றை வதை கட்டும் சின்னக் கொம்புத் தேனீயும், உயரத்தில் ஒற்றைப் பெரிய வதையைத் தொங்கவிடும் மலைத்தேனீயும் பெட்டிக்கு அடங்கமாட்டா.

இந்த மலைத்தேனீயைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்தில் நாம் அதைத் தேனீ என்றே சொல்வதில்லை, குளவி என்கிறோம். கொழுந்து எடுக்கப் போனவர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் என்று செய்தி வந்தால், பல நேரம் கொட்டியது சிங்களத்தில் பம்பரா எனப்படும் இந்த மலைத்தேனீதான். உயிர்களும் போயிருக்கின்றன. ஆகவே வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஒருவர் தேன்பெட்டி வைத்தால், பக்கத்துக் காம்பராக்காரர் சத்தம் போடுவதில் நியாயம் இருக்கிறது. பெட்டியைத் திறந்து காட்டி, இது வேறு, அது வேறு என்று புரிய வைப்பதும் இங்கே தேனீ வளர்ப்பின் ஒரு பகுதி. என் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. முதல் தேனில் அரைப் போத்தல் கொடுத்த பிறகு சீக்கிரம் புரிந்தது என்றும் சொல்லலாம்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

சட்டங்களைத் தூக்கி எடுக்கக்கூடிய பெட்டி என்ற யோசனை அமெரிக்கரான லாங்ஸ்ட்ரோத்துடையது. 1851-இல் அவர் ஒன்றைக் கவனித்தார். வதைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தேனீ நடமாடும் அளவு சந்து விட்டால், தேனீ அதை மெழுகால் அடைக்காது, குறுக்கு வதையும் கட்டாது, நடைபாதையாக விட்டுவிடும். மேலைத் தேனீக்கு இந்தச் சந்து ஏறக்குறைய 6 முதல் 9 மில்லிமீற்றர். 1852-இல் அவர் காப்புரிமை பெற்றார். அதற்குப் பின் வந்த நவீனப் பெட்டிகள் எல்லாம் இந்தச் சந்தின் பிள்ளைகள்.

அந்தக் கண்டுபிடிப்பு நமக்கும் பொருந்தும். அவருடைய அளவுகள்தான் பொருந்தா. மேலைத் தேனீ ஒரு வதையின் நடுவிலிருந்து அடுத்த வதையின் நடுவுக்கு 35 மில்லிமீற்றர் அளவில் இடம் விட்டுக் கட்டும். நம்முடையது 30-ஐ ஒட்டி. ஐந்து மில்லிமீற்றர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். பத்துச் சட்டத்துக்கு அது ஒன்றரை வதையின் இடம். அந்த அதிகப்படிச் சந்தில் தேனீ இஷ்டத்துக்குக் குறுக்கே கட்டும். பிறகு சட்டத்தைத் தூக்கினால் இரண்டு வதை சேர்ந்து கிழிந்து, தேன் வழிந்து, எறும்பு வந்து, கூட்டம் ஓடும். வதை கட்டத் தொடங்குவதற்காக, அறை அச்சுப் பதித்துச் சட்டத்தில் வைக்கும் மெழுகுத் தாளிலும் இதே கதை. மேலைத் தேனீயில் வேலைக்கார ஈ வளரும் அறை 5.3 மில்லிமீற்றர் அளவு. நம் தேனீயின் அறை 5-க்குக் கீழே. வெளிநாட்டு அச்சில் அடித்த தாளைக் கொடுத்தால் அதை ஒழுங்காக இழுத்துக் கட்டாது. கட்டினாலும் கோணல் மாணலாகத்தான்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் சூடு. குஞ்சு வளரும் வதையைத் தேனீக்கள் 33 முதல் 35 பாகை வரை வைத்திருக்க வேண்டும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை மாத இரவில் அங்கே புல்லில் உறைபனி விழும். பண்டாரவளை, அட்டன் எல்லாம் 1,200 மீற்றரைத் தாண்டியவை. நம் கூட்டங்கள் சிறியவை. சில ஆயிரம் ஈக்களை வைத்துக்கொண்டு, குஞ்சு வளர்க்கும், 40 லீற்றருக்கு மேல் கொள்ளும் ஒரு லாங்ஸ்ட்ரோத் கீழ்த்தட்டைச் சூடாக்குவது, ஒரு குப்பி விளக்கை வைத்துக் கொழுந்து மடுவத்தைச் சூடாக்குவது மாதிரி. அதனால்தான் என் முதல் கூட்டம் ஒரு மூலையில் ஒதுங்கி நின்று, பிறகு ஒரேயடியாகப் போய்விட்டது.

நமக்கு நெருக்கமான பெட்டி கடலுக்கு அப்பால், பக்கத்தில் பிறந்தது. 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தென்னிந்தியாவில் ஃபாதர் நியூட்டன் என்ற இயேசு சபைத் துறவி, இந்த அடுக்குத் தேனீயின் அளவுக்கென்றே ஒரு சிறிய பெட்டியை வடிவமைத்தார். நியூட்டன் பெட்டி என்று இன்றும் சொல்கிறார்கள். கீழ்த்தட்டில் ஏழு சட்டம். ஒரு சட்டத்தின் உள்ளளவு எட்டே கால் அங்குலத்துக்கு ஐந்தே முக்கால். லாங்ஸ்ட்ரோத்தின் ஒரு சட்டத்தில் இதில் மூன்று அடங்கும். மேலே தேன்தட்டில் அதே நீளம், உயரம் மட்டும் பாதிக்கும் குறைவு. இந்த அளவையோ இதை ஒட்டிய அளவையோ எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழைக்காது. பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது. பதுளை, நுவரெலியாப் பக்கத்தில் இருப்பவர்கள் பெட்டி வாங்கும் முன் ஒரு பஸ் பயணம் போய், கையால் தொட்டுப் பார்த்து, அளவை எழுதிக்கொண்டு வரலாம். படத்தில் அளவு தெரியாது. நான் சொல்கிறேன், எனக்குத் தெரியும்.

அளவில் ஒரு பிடிவாதம் வேண்டும். எந்த அளவைத் தேர்ந்தாலும் எல்லாப் பெட்டியும் அதே அளவாக இருக்கட்டும். இரண்டு அளவு வைத்திருப்பவரால் ஒரு பெட்டியின் சட்டத்தை இன்னொன்றில் போட முடியாது. பின்னால் ராணி வளர்க்கும்போது வேலை முழுவதுமே சட்டம் மாற்றுவதுதான்.

பலகைக்கு மலைவேம்பு நல்லது. சிங்களத்தில் லுணுமிதெல்ல என்பார்கள், லேசான மரம். வாடை அடிக்கும் மரம் வேண்டாம். நன்றாகக் காய்ந்த பலகையா என்பதுதான் மரத்தின் பெயரைவிட முக்கியம், அதற்கும் நம் தேனீயே காரணம். மேலைத் தேனீ மரப்பிசினைக் கொண்டுவந்து பெட்டியின் வெடிப்புகளை எல்லாம் அடைத்துவிடும். நம்முடையதுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சட்டங்கள் ஒட்டிக்கொள்ளாமல் விரலால் தூக்க வருவது நமக்கு வசதி. ஆனால் பச்சைப் பலகை காய்ந்து ஒரு நூல் வெடித்தால் அந்த வெடிப்பு அப்படியே கிடக்கும். அதற்குள் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிடும். அதன் புழு வதைக்குள் நூல் கட்டிக்கொண்டு ஊர்ந்து போவதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், ஒரு கூட்டம் ஏன் விட்டால் போதும் என்று கிளம்புகிறது என்று. அடிப்பலகையை வாரம் ஒரு முறை துடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். காலியான பழைய வதையைக் கூட்டம் மொய்த்து மூட முடியாமல் விட்டிருந்தால் எடுத்துவிட வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம், பெட்டிக்காரர்கள் கவனிப்பதில்லை. வாசலில் நின்று சிறகடித்துக் காற்று வீசும்போது மேலைத் தேனீ தலையை உள்பக்கம் வைத்து, உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளும். நம் தேனீ தலையை வெளியே நீட்டி நிற்கும், வெளிக்காற்றை உள்ளே தள்ளும். மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மாதக்கணக்கில் மூட்டம் படிந்திருக்கும். அங்கே உள்ளே தள்ளப்படுவது ஈரம். ஆகவே மேற்குச் சரிவில் பெட்டி வைப்பவர்கள் கூரையைச் சாய்வாக, முன்னால் நீட்டி வைக்க வேண்டும். வாசல் மழை அடிக்கும் திசையைப் பார்க்கக் கூடாது. பெட்டியை முன்பக்கம் ஒரு விரல் அளவு தாழ்த்தி வைத்தால் உள்ளே சேரும் நீர் வடிந்துவிடும்.

மற்ற சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு கால் தாங்கி, ஒவ்வொரு காலுக்கும் கீழே எண்ணெயோ தண்ணீரோ ஊற்றிய டின். எறும்புக்கு இதைவிட மருந்து இல்லை. முகவலை. சின்னப் புகைக்குழல். அதையும் கொஞ்சமாக ஊத வேண்டும். நம் தேனீ பயந்த சாதி, புகை கூடினால் வதையை விட்டுக் கொத்தாக ஓடி மூலையில் தொங்கும், பிறகு ராணியைத் தேட முடியாது. செதிலுண்ணிக்கென்று விற்கும் மருந்துப் பட்டைகளை வாங்க வேண்டாம். வரோவா என்னும் அந்த உண்ணி ஆதியில் இந்தத் தேனீயோடு வாழ்ந்து பழகியது. இதன் ஆண் குஞ்சு அறைகளில் மட்டும் பெருகி அளவோடு இருக்கும். மேலைத் தேனீக்குத் தாவியபோதுதான் அது உலகப் பிரச்சினையானது.

பெட்டி சரியாக அமைந்த பிறகும் என்னிடம் கூட்டங்கள் தங்கவில்லை. அங்கேதான் ராணி வருகிறது.

நாம் கூட்டம் சேர்க்கும் விதத்தை யோசித்துப் பாருங்கள். முட்டிக்கு உள்ளே மெழுகு தேய்த்து மரத்தில் கட்டுகிறோம். பிரிந்து போகிற கூட்டம் வந்து குடியேறுகிறது. அதாவது வருவது எல்லாம் பிரிந்து போகும் குணமோ, ஓடிப்போகும் குணமோ உள்ள கூட்டங்கள். அவற்றைப் பிடித்து வைத்து, ஏன் ஓடுகிறது என்று கேட்கிறோம். எட்டுப் பெட்டியில் ஒன்றிரண்டு மட்டும் மழையிலும் பஞ்சத்திலும் இடத்தை விட்டு அசையாமல் இருக்கும். அந்த ராணியின் மகள்களை மற்றப் பெட்டிகளில் அமர்த்துவதுதான் ராணி வளர்ப்பு. அதிகத் தேன் தரும் கூட்டத்திலிருந்து ராணி எடுக்கச் சொல்வார்கள். தங்குகிற கூட்டத்திலிருந்து எடுங்கள் என்பேன் நான். ஓடிப்போன கூட்டத்தின் தேனை யார் எடுப்பது?

ராணி தனி இனமல்ல. வேலைக்காரியாகப் போகிற அதே முட்டைதான். மூன்று நாளில் பொரிந்த புழுவுக்கு, இளம் ஈக்கள் சுரக்கும் ராயல் ஜெலி என்ற பாலையே தொடர்ந்து தாராளமாக ஊட்டி, பெரிய அறையில் தலைகீழாகத் தொங்க வளர்த்தால் ராணி. சில நாளில் ஊட்டம் மாறி, சிறிய அறையிலேயே வளர்ந்தால் வேலைக்காரி. அதனால் ஒரு நாள் வயதுக்கு உட்பட்ட எந்தப் பெண் புழுவையும் ராணியாக்கலாம். முட்டையிட்ட 15, 16 நாளில் நம் தேனீயின் ராணி அறையைக் கடித்துத் திறந்துகொண்டு வெளியே வரும்.

1889-இல் அமெரிக்கரான டூலிட்டில், மெழுகுக் கிண்ணத்துக்குப் புழுவை எடுத்து மாற்றும் முறையை விரிவாக எழுதினார். உலகம் இன்றும் அதையே பின்பற்றுகிறது. நாமும் செய்யலாம், ஆனால் கிண்ணத்தின் அளவில் மறுபடியும் அதே பாடம். கடையில் வரும் பிளாஸ்டிக் கிண்ணங்கள் மேலைத் தேனீக்கானவை, வாய் அகலம். நான் பென்சிலின் மழுங்கிய முனையைத் தண்ணீரில் நனைத்து, உருகிய மெழுகில் இரண்டு மூன்று முறை தோய்த்துக் கிண்ணம் செய்கிறேன். நம் தேனீக்கு அந்தப் பருமன் போதும். புழு ஒரு காற்புள்ளி அளவு இருக்கும்போது, அது மிதக்கும் பாலோடு சேர்த்து, ஈர்க்கின் நுனியால் அள்ளி வைக்க வேண்டும். கண் கூர்மையும் கைப் பொறுமையும் வேண்டும். எனக்கு இரண்டாவது குறைவு.

கை நடுங்குகிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. நல்ல ராணியின் பெட்டியிலிருந்து, இளம் புழு உள்ள வதையில் ஒரு விரல் அகலத் துண்டை வெட்டுங்கள். அதை ஒரு சட்டத்தின் மேற்கட்டையில் மெழுகால் ஒட்டி, அறைகளின் வாய் கீழே பார்க்கும்படி தொங்கவிடுங்கள். மூன்று அறைக்கு இரண்டு வீதம் புழுவைக் கெடுத்துவிட்டு ஒன்றை மட்டும் விடுங்கள், அப்போதுதான் ராணி அறை கட்ட இடம் கிடைக்கும். இதை ராணி இல்லாத, இளம் ஈக்கள் நிறைந்த பெட்டியில் வைத்து, சீனியும் தண்ணீரும் சமமாகக் கரைத்துக் கொடுத்தால் அவை தாமாகவே வளர்க்கத் தொடங்கும். ஒரு முறைக்கு ஐந்தாறு அறை நன்றாக வந்தால் சந்தோஷப்படுங்கள். முப்பது நாற்பது என்று படங்களில் பார்ப்பது நம் தேனீயின் கணக்கல்ல, அதற்கு அவ்வளவு பால் சுரக்கும் கூட்டம் இல்லை.

இன்னும் எளிய வழி, கூட்டம் தானே பிரியத் தயாராகி வதையின் கீழ் விளிம்பில் கட்டுகிற ராணி அறைகளை வெட்டி எடுப்பது. பலர் இதைத்தான் செய்கிறார்கள். நான் இதைக் குறை சொல்லமாட்டேன், ஆனால் பிரிகிற குணத்தையே நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இதுவரை சொன்னது கைவேலை. இனிச் சொல்வது நம் கையில் இல்லாதது. எனக்குத் தெரிந்து மலையகத்தில் ராணி வளர்ப்புத் தோற்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

அறையிலிருந்து வந்த ராணி கன்னி. பெட்டிக்குள் சேர்க்கை நடக்காது. வெளியே பறந்து, நடுவானில், பல ஆண் தேனீக்களோடு கூடித் திரும்ப வேண்டும். அங்கே சேர்த்த விந்தை வயிற்றில் ஒரு சிறு பையில் பத்திரப்படுத்தி ஆயுள் முழுக்க அதைக் கொண்டே முட்டையிடும். எப்போது பறக்கிறது? 1976-இல் கோனிகரும் விஜயகுணசேகரவும் வெளியிட்ட ஆய்வு நம் நாட்டிலேயே செய்தது. ஒரே ஊரில் மூன்று வகைத் தேனீயின் ஆண்களும் எப்போது வெளியே போகின்றன என்று பார்த்தார்கள். கொம்புத் தேனீ நடுப்பகல் 12 முதல் இரண்டரை வரை. நம் பெட்டித் தேனீ மாலை நாலேகால் முதல் ஐந்தேகால் வரை. மலைத்தேனீ ஆறு மணிக்கு மேல், இருட்டும் நேரத்தில் முக்கால் மணித்தியாலம். மூன்று இனத்தின் கன்னி ராணிகளும் ஏறக்குறைய ஒரே வாசனையை வீசினாலும் குழப்பம் வராமல் இருப்பதற்கு இந்த நேரப் பங்கீடும் ஒரு காரணம்.

நாலேகால். தோட்டத்தில் இது கொழுந்தை எடை போட்டுவிட்டு வீடு திரும்பும் நேரம். அந்த நேரத்தில் உங்கள் பெட்டியின் வாசலில் நின்று பாருங்கள். கறுத்த, உருண்டையான ஆண்கள் தடதடவென்று ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்து போகும், இரைச்சலே வேறு மாதிரி இருக்கும். ஐந்தரைக்கு வாசல் மறுபடியும் அமைதி. நாள் முழுக்க வெயில் அடித்தாலும் பயனில்லை, அந்த ஒரு மணித்தியாலம் வானம் திறந்திருக்க வேண்டும்.

இப்போது நம் மழையை இதன்மேல் வைத்துப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் பகல் முழுக்க வெயில் கொளுத்தும், பூக்களும் இருக்கும், கூட்டங்கள் பெருகும். ராணி வளர்க்க இதைவிட நல்ல காலம் ஏது என்று தோன்றும். ஆனால் அது இரண்டு பருவமழைக்கும் நடுவே உள்ள காலம். காலையில் தெளிவு, இரண்டு மணிக்குக் கருமேகம், மூன்றரை நாலு மணிக்கு இடியோடு மழை. நாள் தவறாமல் நம் தேனீயின் அந்த ஒரு மணித்தியாலத்தின் மேல்தான் கொட்டும். மேலைத் தேனீ பெரும்பாலும் நண்பகலுக்குப் பிறகு, இதைவிட முன்னதாகவே பறக்கும். அதற்கு எழுதிய விளக்கத்தில் மாலை மழை பெரிய தடையாக வராது. ஐப்பசி மழையிலும் இதே நிலைமை.

ஆகவே மலையகத்துக்கு ஒரே காலண்டர் கிடையாது, ஒவ்வொரு சரிவுக்கும் ஒன்று. அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்துக்கு வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கு மழை. அங்கே தை, மாசியில்தான் மாலை தெளிவாக இருக்கும், தேயிலைக்கும் அதுதான் நல்ல சீசன். ஊவாப் பக்கம், அதாவது பதுளை, பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளை, இதற்குத் தலைகீழ். அங்கே வடகீழ் மழை ஓய்ந்த மாசியிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரை ஒரு வாய்ப்பு. பிறகு ஆனி, ஆடியில் மழை இல்லை, ஆனால் கச்சான் காற்று. அப்புத்தளை இடைவெளியில் ஆளையே தள்ளுகிற காற்றில் ஒரு கன்னி ராணி என்ன செய்யும்? பள்ளத்தாக்கில், சவுக்கு மரங்கள் மறைப்பாக நிற்கும் இடத்தில் பெட்டி இருந்தால் அப்போதும் சரிவரும். நம் தேனீயின் ஆண்கள் மரக்கிளைகளை ஒட்டிக் கூடுகிறவை. திறந்த புல்வெளியைவிட மரம் நிற்கும் ஓடைக்கரை நல்லது. கிரவில்லியாவைத்தான் நாம் சவுக்கு என்கிறோம், அதன் பூவில் தேனும் உண்டு.

ஆண்கள் இல்லாமல் ராணி இல்லை என்பதும் பலருக்கு மறந்துபோகிறது. ஆண் முட்டையிலிருந்து வெளிவர 24 நாள் அளவில், அதன்பின் பறந்து கூடும் பக்குவம் வர இன்னும் பத்து நாள் அளவில். ராணிக்கோ புழு மாற்றியதிலிருந்து பறப்பு வரை இரண்டரை வாரம். அதனால் ஆண் அறைகள் கண்ணில் பட்ட பிறகுதான் ராணி வேலையைத் தொடங்க வேண்டும். அடையாளம் சுலபம். நம் தேனீயின் ஆண் அறை மூடி கூம்பாக உயர்ந்து, உச்சியில் ஊசி குத்தியது போல ஒரு துளையோடு இருக்கும். அந்தத் துளைகள் தெரிந்ததும் கிண்ணத்தை எடுக்கலாம். ஆண் வதையைத் தேவையில்லாத சோம்பேறிக் கூட்டம் என்று வெட்டி எறிகிறவர்கள் ராணி வளர்க்க ஆசைப்படக் கூடாது. பக்கத்தில் உறவுக்காரப் பெட்டிகள் மட்டுமே இருந்தாலும் தொல்லை. அண்ணன் தங்கை போன்ற சேர்க்கையில் பிறக்கும் குஞ்சில் ஒரு பகுதியை வேலைக்காரிகளே தின்றுவிடும், வதை சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் இன்னொருவர் பெட்டி வைத்திருந்தால் அவரைப் போட்டியாளராகப் பார்க்காதீர்கள், உங்கள் ராணிக்கு மாப்பிள்ளை அங்கிருந்துதான் வர வேண்டும்.

புழு மாற்றிய ஒன்பதாம், பத்தாம் நாளில் முதிர்ந்த அறைகளைச் சின்னப் பெட்டிகளுக்கு மாற்ற வேண்டும். அறையின் நுனியில் மெழுகைச் சுரண்டி எடுத்து, உள்ளே இருக்கும் பழுப்புக் கூடு தெரிந்தால் முதிர்ந்துவிட்டது என்று அர்த்தம். சின்னப் பெட்டிக்கு மூன்று சட்டம் போதும். ஆனால் அதே நியூட்டன் சட்டமாக இருக்கட்டும். சட்ட அளவில் பிடிவாதமாக இருங்கள் என்று முன்பே சொன்னது இதற்காகத்தான். ஒன்றில் குஞ்சு, ஒன்றில் தேன், ஒன்றில் கட்ட இடம். பெட்டிகளை ஒரே வரிசையில் லயம் மாதிரி வைக்காதீர்கள். திரும்பி வரும் ராணி பக்கத்துக் காம்பராவுக்குள் நுழைந்தால் அவ்வளவுதான், கொன்றுவிடும். ஒவ்வொன்றின் வாசலும் வேறு திசை, வேறு நிறம். தேனீ பிடித்துத் தின்னும் பஞ்சுருட்டான் குருவிகள் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற மாதங்களில் சில ராணிகளை அவற்றுக்குக் கொடுத்ததாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ராணியைக் கூண்டில் வைத்து இன்னொரு பெட்டிக்குக் கொடுப்பதில் ஒரு பழைய தொடர்பு நமக்கு உண்டு. சீனிப் பசை அடைத்த சின்ன மரக் கூண்டில் ராணியை அனுப்புகிற வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. அந்தக் கூண்டுக்குப் பென்டன் கூண்டு என்று பெயர். அதை வடிவமைத்த அமெரிக்கரான ஃபிராங்க் பென்டன் 1880களின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தவர், நம் குளவியை, அதாவது மலைத்தேனீயை, உயிரோடு பிடித்து மேற்கே கொண்டுபோக. கொண்டுபோன கூட்டங்கள் பிழைக்கவில்லை. கூண்டு மட்டும் நிலைத்தது. பசையைத் தின்று முடிக்க இரண்டு மூன்று நாள் ஆவதற்குள் வாசனை பழகிவிடும் என்பதுதான் அதன் தந்திரம்.

நேரம் தவறினால் நம் தேனீ மன்னிக்காது. ராணி இல்லாமல் ஒரு வாரம், பத்து நாள் போனால் வேலைக்காரிகளே முட்டையிடத் தொடங்கும். ஒரே அறையில் நாலைந்து முட்டை, சுவரில் ஒட்டிய முட்டை. அப்படியான கூட்டம் புது ராணியை ஏற்காது. மேலைத் தேனீயில் இது இவ்வளவு வேகமாக நடப்பதில்லை, வெளியூர்க் கணக்கை நம்பிக் காத்திருந்தால் கை மீறிவிடும். அதேபோல, கன்னி ராணி வெளிவந்து மூன்று வாரம் ஆகியும் வேலைக்காரி அறையில் ஒழுங்கான முட்டை இல்லையென்றால் இனி நம்பிக்கை வேண்டாம்.

இந்தச் சித்திரையில் எனக்கு அதுதான் நடந்தது. எல்லாம் தெரிந்தும், ஒரு நல்ல ராணியின் ஆசையில் நாள் தவறித் தொடங்கினேன். நான்கு கன்னிகள் வந்தன. பதினொரு நாள் தொடர்ச்சியாக மூன்றரைக்கு மழை. இஸ்தோப்பில் உருளைக்கிழங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் எப்படியோ போய்க் கூடி வந்தது. இரண்டு திரும்பவில்லை. நான்காவது பறக்கவே இல்லை. இருபத்து நான்காம் நாள் வேலைக்காரி அறைகளில் தோட்டா மாதிரி உப்பிய மூடிகள் தெரிந்தன, எல்லாம் ஆண். கூடாத ராணியின் முட்டையில் ஆண்தான் பிறக்கும். அந்த ராணியை எடுத்துவிட்டு, பலவீனமான அந்தக் கூட்டத்தை, முட்டையிடும் ராணி உள்ள பெட்டியின் மேல் ஏற்றினேன். இரண்டுக்கும் நடுவே ஒரு பத்திரிகைத் தாள், ஊசியால் நாலைந்து துளை போட்டு. அவை தாளைக் கடித்து முடிப்பதற்குள் வாசனை ஒன்றாகிவிடும், சண்டை வராது. கைக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் ராசிபலன் பக்கம். மூன்றாம் நாள் திறந்து பார்த்தேன், சரியாகக் கன்னி ராசியில் ஓட்டை போட்டுக் கீழே இறங்கியிருந்தன.